ஆச்சி விட்டுப்போன வைரப் பதக்கச் சங்கிலி: கடைக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியவை

பழைய பதக்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு நேராக நகைக்கடைக்குப் போனால் நடப்பது இதுதான். தராசில் வைப்பார்கள். கல்லுக்கு என்று ஒரு எடையைக் கழிப்பார்கள். உரசிப் பார்த்தோ மிஷினில் வைத்தோ டச், அதாவது தங்கத்தின் தரம், சொல்வார்கள். அன்றைய தங்க விலையில் ஒரு தொகை வரும். "கல்லு என்னாகும்?" என்று கேட்டால், "பழைய கட்டிங்மா, இப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள், அல்லது ஏதோ ஒரு விலை போட்டு அதையும் எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் ஆச்சியின் சங்கிலி உருக்குப் பட்டறைக்குப் போய்விடும்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் தங்கத்தை எடைக்கு வாங்குகிறவர். ஆசாரியின் கைவேலைக்கும் பழைய வைரத்தின் வெட்டுக்கும் அவர் பில்லில் இடம் கிடையாது. அந்த இரண்டுக்கும் என்ன மதிப்பு என்று நகைக்கு உடையவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு விற்பதா, வைத்துக்கொள்வதா, மகளுக்குப் போடுவதா என்பது உங்கள் விருப்பம். தெரியாமல் மட்டும் கைமாற்றாதீர்கள்.

நான் பேசுவது திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் பழைய வீடுகளில் இருக்கிற வகையைப் பற்றி. கையால் செய்த தங்கச் சங்கிலி அல்லது அட்டியல். நடுவில் கழற்றி மாட்டுகிற பதக்கம். பதக்கத்தில் ஒரு பெரிய வைரம், சுற்றிலும் பொடி வைரங்கள் அல்லது கெம்பு.

முதலில் படம், எடை, விசாரிப்பு

துடைக்கக்கூட வேண்டாம். இருக்கிறபடியே வெள்ளைத் துணியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் சேர்ந்து பதிவாகிவிடும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கப் படம் முக்கியம். பதக்கத்தின் பக்கவாட்டு, கொக்கி, திருகாணி, எங்காவது பொறித்த எழுத்து இருந்தால் அது, பழைய பற்றவைப்புத் தழும்புகள் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுங்கள். பின்னால் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கும்போது, கொடுத்த கல்தான் திரும்பி வந்ததா என்று சரிபார்க்க இந்தப் படங்கள்தான் உதவும்.

பிறகு எடை. 0.01 கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பதக்கம் கழன்று வருகிற மாதிரி இருந்தால் தனியாகவும் சங்கிலியைத் தனியாகவும் நிறுத்து எழுதுங்கள். திருகாணி இறுகியிருந்தால் பலம் போட வேண்டாம். மறை தேய்ந்துபோன திருகாணி ஒரு முறை வழுக்கினால் அப்புறம் பிடிக்காது.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்விகளும் உண்டு. இது யார் கல்யாணத்துக்குச் செய்தது? கல் புதிதாக வாங்கியதா, பழைய மூக்குத்தியிலிருந்தோ தோட்டிலிருந்தோ எடுத்து வைத்ததா? எந்த ஊர் ஆசாரி? இடையில் யாராவது அழித்துச் செய்தார்களா? அத்தையோ பெரியம்மையோ சொல்லுகிற ஒரு வரி, லென்ஸ் வைத்து மணிக்கணக்காகப் பார்த்தாலும் கிடைக்காத தகவலாக இருக்கும். கல்யாணப் போட்டோக்களைத் தேடுங்கள். ஆச்சி கழுத்தில் அந்தச் சங்கிலி இருக்கிற படம் ஒன்று கிடைத்தால் அதுவே காலத்துக்குச் சான்று. பாகப்பிரிவினைப் பத்திரம், சீர் எழுதின நோட்டு, பழைய ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட வீடு என்றால் கல் இலங்கையிலிருந்து வந்ததா என்பதையும் கேளுங்கள். ஏன் என்று கல்லைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய நகையில் பாதி விஷயம் பின்னால்தான் இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு மூடியிருக்கிறதா, அல்லது ஓட்டை விட்டு, கல்லின் அடிப்பக்கம் தெரிகிறதா? இனி செய்யப்போகிற எல்லாமே இந்த ஒரு பதிலைப் பொறுத்தது.

கல்லைப் பதித்திருக்கிற விதத்தைப் பதிப்பு என்பார்கள். பின்பக்கம் மூடின பதிப்பில் கல்லுக்கு அடியில் பளபளக்கிற மெல்லிய தகடு வைப்பது அந்தக் கால வழக்கம். விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் கல்லைப் பிரகாசமாகக் காட்டுவதற்காக அது. தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்கினால் அந்தத் தகடு கறுக்கும். அப்போது கல்லே கறுத்த மாதிரி, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். "வைரம் செத்துப்போச்சு" என்று சொல்லிக் குறைந்த விலைக்குப் போன கற்கள் பலவற்றில் கெட்டது அடித்தகடுதான். வைரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே மூடின பதிப்பை எக்காரணம் கொண்டும் தண்ணீரில் போடக் கூடாது.

பின்பக்கம் திறந்திருந்தால் நல்லது. கழுவலாம், அளக்கலாம், டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

அடுத்து, பதக்கம் முழுக்கத் தங்கமா, உள்ளே வெறும் கூடுதானா என்று பாருங்கள். பெரிதாக இருந்து எடை குறைவாக இருந்தால் உள்ளே அரக்கு இருக்கக்கூடும். பின்தகட்டின் ஓரத்தில், தேய்ந்த இடத்தில், கருஞ்சிவப்பாக ஏதாவது எட்டிப் பார்த்தால் அதுதான். அரக்கு சூட்டில் இளகும், அதனால் வெந்நீர் ஆகாது. அரக்கும் தராசில் எடை காட்டும் என்பதால், விற்கும்போது மொத்த எடையில் எவ்வளவு தங்கம் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த விஷயத்தில் கடைக்காரர் கழிவு கேட்பது நியாயம்தான்.

கல்லைப் பார்க்கிற முறை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நகையை அதன் அருகே, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். லென்ஸை நகைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நேர் மேலிருந்து பாருங்கள். கல்லின் உச்சியில் தட்டையான முகப்பு ஒன்று இருக்கும். இன்றைய வைரத்தில் அது அகலமானது, கல்லின் விட்டத்தில் பாதிக்கு மேல். பழைய வெட்டில் அது சின்னது. அதன் வழியே ஆழத்தில் பார்த்தால் நட்ட நடுவில் ஒரு சிறு வட்டம் தெரியும். முதன்முதலில் பார்ப்பவர்கள் கல்லில் துளை இருக்கிறது என்று பதறிவிடுவார்கள். துளை இல்லை. பழைய காலத்தில் வைரத்தின் அடிமுனையைக் கூராக விடாமல் சற்றுத் தட்டையாகத் தேய்த்து விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தத் தட்டைதான் வட்டமாகத் தெரிகிறது. பழைய வெட்டுக்கு இதைவிட எளிய அடையாளம் கிடையாது.

இப்போது பக்கவாட்டில் பாருங்கள். மேல்பகுதி உயரமாக எழுந்து நிற்கும், அடியும் ஆழமாக இறங்கும். ஓரவிளிம்பு மழமழவென்று இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். சுற்றளவு சரியான வட்டமாக இல்லாமல் கொஞ்சம் சதுரம் கலந்து, ஒரு பக்கம் லேசாகப் பிதுங்கி இருந்தாலும் ஆச்சரியமில்லை. கையால் வெட்டிய கல், மூலக்கல் எந்த வடிவில் கிடைத்ததோ அதில் அதிக எடை தங்குகிற மாதிரி வெட்டியது.

வரலாறு தெரிந்தால் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். 1720-கள் வரை உலகத்துக்கு வைரம் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. பிறகு பிரேசில் வந்தது. 1867-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சதுரம் கலந்த பழைய வெட்டு 18, 19-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. 1870-களில் வைரத்தை உருட்டி வட்டமாக்க இயந்திரம் வந்தபிறகு, வட்டமான பழைய வெட்டு பரவி 1930 வாக்கு வரை ஓடியது. 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி வைரத்தின் கோணங்களைக் கணக்குப் போட்டு எழுதினார். இன்று கடையில் பார்க்கிற வெட்டு அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கல்லின் வயது வேறு, சங்கிலியின் வயது வேறு. கொள்ளுப்பாட்டியின் மூக்குத்திக் கல்லை எடுத்து 1950-இல் பதக்கத்தில் வைத்திருப்பார்கள். வெட்டை மட்டும் வைத்து நகைக்கு வயது சொல்லாதீர்கள்.

ராத்திரி டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பதக்கத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். புதிய வைரம் பொடிப்பொடியாக மின்னும். பழைய வெட்டில் பட்டைகள், அதாவது தேய்த்துவிட்ட தட்டை முகங்கள், பெரியவை, அதனால் ஒளி அகலமாக, நிதானமாக, சிவப்பும் நீலமும் ஆரஞ்சுமாகப் பிரிந்து வரும். எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் இருந்த காலத்தில் வெட்டிய கற்கள் இவை. ஷோரூமின் வெள்ளை வெளிச்சத்தில் "மங்கல்" என்று தள்ளப்படுகிற கல் இந்த வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, அது வைரம்தானா? எல்லாப் பழைய வெள்ளைக் கல்லும் வைரம் ஆகாது. இலங்கைத் தொடர்பைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: அங்கே மாத்தறைப் பக்கம் கிடைக்கிற நிறமற்ற ஜிர்கான் கல்லை "மாத்தறை வைரம்" என்றே முன்பு சொல்லி விற்றார்கள். அது கண்ணாடி இல்லை, இயற்கைக் கல்தான், ஜொலிப்பும் அதிகம். லென்ஸில் பார்த்தால் பிடிபட்டுவிடும். முகப்பு வழியாகச் சற்றுச் சாய்த்து அடிப்பக்கத்துப் பட்டைக் கோடுகளைப் பாருங்கள். ஜிர்கானில் ஒவ்வொரு கோடும் இரண்டு இரண்டாகத் தெரியும். வைரத்தில் ஒன்றாகத்தான் தெரியும். ஜிர்கானின் பட்டை விளிம்புகள் பல வருஷம் அணிந்ததில் மழுங்கிச் சிராய்த்திருக்கும். வைரத்தின் விளிம்பு தலைமுறை தாண்டியும் கூராக நிற்கும். கண்ணாடியாக இருந்தால் உள்ளே குமிழ்கள் தெரியலாம்.

கல்லில் வாயால் ஊதி ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்ப்பது, கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது போன்றவற்றை நம்ப வேண்டாம். கண்ணாடியை ஜிர்கானும் கீறும். கீறுகிற முயற்சியில் வைரத்தின் விளிம்பு தெறித்தாலும் தெறிக்கும். வைரம் கடினமானது, ஆனால் சில திசைகளில் அடிபட்டால் பிளக்கும்.

கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்துப் பார்ப்பார்கள். வைரம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பதை வைத்து அது வேலை செய்கிறது. 1998 வாக்கில் சந்தைக்கு வந்த மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லும் இந்தச் சோதனையில் வைரமாகத் தப்பிவிடும். அதற்குப் பிறகு உங்கள் நகை ரிப்பேருக்குப் போயிருந்தால் மின்சாரத்தையும் சேர்த்துச் சோதிக்கிற கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கல்லை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் சுற்றுக் கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விழுந்துபோன பொடி வைரத்துக்குப் பதில் அமெரிக்கன் டைமண்ட் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொன்று உண்டு. ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் பதக்கத்தின் மேல் அடியுங்கள். இயற்கை வைரங்கள் பல சேர்ந்திருந்தால் சில நீலமாக ஒளிரும், சில மங்கலாக, சில ஒளிராமலே இருக்கும். இப்படி ஏறுக்குமாறாக இருப்பது நல்ல அறிகுறி. எல்லாக் கல்லும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பெரியவர்கள் "இது ப்ளூ ஜாகர் கல்" என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல்லுக்கு நம் ஊரில் அப்படியொரு மரியாதை. வெயிலில் லேசான நீலச் சாயை அடிக்கும். அந்தச் சுரங்கம் 1971-இல் மூடிவிட்டது. உங்கள் கல் அங்கிருந்து வந்ததா என்பதைப் பரிசோதனைக் கூடம் நிறத்தை வைத்துச் சான்று எழுதித் தராது. ஆகவே அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலையை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

கல் எத்தனை புள்ளி?

ஒரு காரட் 0.2 கிராம், அதாவது நூறு புள்ளி. கழற்றாமலே உத்தேசம் போடலாம். பின்பக்கம் திறந்த பதிப்பு என்றால் டிஜிட்டல் காலிப்பரால் விட்டத்தையும் ஆழத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 0.0061 என்று பெருக்குங்கள். 6 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள வட்டக் கல் சுமார் 0.88 காரட் வரும். சதுரம் கலந்த கல்லுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

கடையில் துளை போட்ட அட்டையை வைத்து விட்டத்தை மட்டும் பார்த்துப் புள்ளி சொல்வார்கள். அந்த அட்டை இன்றைய வெட்டுக்கு உரியது. பழைய கல் ஆழமானது, அதே விட்டத்துக்கு எடை கூடுதலாக இருக்கும். இந்த இடத்தில் உங்களுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கம்

ஹால்மார்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நகைக்கடைகள் ஹால்மார்க் நகைதான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் 2021 ஜூன் 16-இல் தொடங்கியது. அதற்கு முன்பே செய்த உங்கள் நகையை வைத்திருக்கவும் விற்கவும் தடை இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டினால் தனிநபர் நகையையும் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பார்கள். விற்கிற எண்ணம் இருந்தால் கடைக்கு முன்னால் அங்கே போங்கள்.

சங்கிலி, பதக்கம், கொக்கி மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு வேறு காலத்தில் செய்தவையாக இருக்கலாம். மிஷின் சோதனை மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை உருக்கிப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். பழைய ஆசாரிகள் பொடி (ஒட்டவைக்கிற கலப்பு உலோகம்) வைத்து ஊதிப் பற்றவைத்த இடங்களில் தங்கம் குறைவு. கண்ணி நெருக்கமான கைவேலைச் சங்கிலியில் இப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால்தான் உரசும்போது 22 காரட் காட்டிய நகை உருக்கியபின் குறைகிறது.

டச் எதிர்பாராமல் மிகவும் தாழ்ந்து வந்தால் செய்த வருஷத்தைக் கேளுங்கள். 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றன. அந்தத் தடை 1966-இல்தான் விலகியது. அந்த இடைவெளியில் கல்யாணம் நடந்த வீட்டு நகை என்றால் விஷயம் புரிந்துவிடும்.

சுத்தம் செய்வது

வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் அப்படி ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் இதையே பயன்படுத்தி, கிரீஸ் தடவிய மேசையில் சுரங்கக் கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரத்தை மட்டும் பிடித்தார்கள். மஞ்சளும் சந்தனமும் தலைக்கு வைத்த எண்ணெயும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த பதக்கம் மங்கிக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

பின்பக்கம் திறந்த பதிப்பு, எல்லாக் கல்லும் வைரம், அரக்கு இல்லை என்று உறுதியானால் மட்டும் இதைச் செய்யுங்கள். பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ஊறவைத்து நுரைக்கிற தண்ணீரை வடிகட்டி எடுங்கள். வெதுவெதுப்பு போதும். ஒரு கிண்ணத்தில் பதக்கத்தைக் கால் மணி நேரம் போட்டு வைத்து, குழந்தைகளுக்கான மிக மிருதுவான பிரஷால் பின்பக்கத்திலிருந்து லேசாகத் தேயுங்கள். அழுக்கு இருப்பது அங்கேதான். சிங்க் தொட்டிக்கு மேலே செய்யவே கூடாது. கழுவிய தண்ணீரையும் வடிகட்டியில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். பசைதான் பிடித்து வைத்திருந்த கல் ஏதாவது இருந்தால் அப்போது கழன்று வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் உலர விடுங்கள்.

மூடின பதிப்புக்கு ஈரம் பிழிந்த துணியால் மேலே துடைப்பதோடு சரி. கெம்பு, முத்து இருந்தாலும் அவ்வளவுதான்.

பற்பசை, சாம்பல், புளி, பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். கடையில் அதிர்வுத் தொட்டியில் போடச் சம்மதிக்காதீர்கள். சக்கரத்தில் பாலிஷ் போட்டால் தங்கம் போகிறது, ஆசாரியின் உளித் தடமும் போகிறது. வாசலுக்கு வந்து "நகைக்கு மெருகு போட்டுத் தாரேன்" என்கிறவர்களிடம் பித்தளைக் குத்துவிளக்கைக்கூடக் கொடுக்காதீர்கள். ராஜ திராவகத்தில் முக்கினால் தங்கம் கரைந்துவிடும். மின்னுகிற நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரைந்த தங்கத்தோடு போய்விடுவார்கள்.

ஆசாரியிடம் கொடுக்கும்போது

ரிப்பேர் தேவைப்படுகிற இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: தேய்ந்த கொக்கி, பதக்கம் தொங்குகிற வளையம், கல்லைப் பிடித்திருக்கிற தங்க முனைகள். லென்ஸில் பார்க்கும்போது முனை எதாவது கல்லை விட்டுத் தூக்கி நின்றாலோ, நூல் இழை மாட்டினாலோ உடனே அணிவதை நிறுத்துங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய கடையில் கொடுத்தால் அது யார் பட்டறைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. டவுனிலும் சின்ன ஊர்களிலும் பழைய வேலை தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் நகை செய்கிறவர் என்றால் தேடிப் போகலாம். போனதும் கேட்க வேண்டியது: "அண்ணாச்சி, கல்லுக்குப் பக்கத்தில நெருப்பு படாமப் பத்த வைக்க முடியுமா? லேசர் வெல்டிங்கில செய்ற ஆள் யாரும் உண்டா?" வைரம் கார்பன்தான், காற்றில் கடுஞ்சூடு பட்டால் மேற்பரப்பு வெந்து பால் பூத்த மாதிரி ஆகும். அடித்தகடும் அரக்கும் அதற்கு வெகு முன்னாலேயே போய்விடும். "கல்லைக் கழட்டிட்டுத்தான் செய்யணும்" என்று ஒருவர் சொன்னால் மறுக்காதீர்கள், பொறுப்பான பதில் அது. அப்போது எதிரே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கழற்றிய கல்லை எடை போட்டு, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய கொக்கியை மாற்றினால் கழித்த கொக்கியைக் கேட்டு வாங்கி நகையோடு போட்டு வையுங்கள். மூடின பதிப்பைத் திறந்த பதிப்பாக மாற்றித் தருகிறேன் என்பார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் அந்தப் பதக்கம் பிறகு பழைய பதக்கம் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, கல்லைப் புதிய வெட்டுக்குத் திருத்தி வெட்டுவது. எடையில் நல்ல பங்கு தூளாகப் போகும். கிடைப்பது எந்தக் கடையிலும் கிடைக்கிற ஒரு கல். பழைய வெட்டு வைரங்களையே தேடி வாங்குகிறவர்கள் இன்று உலகெங்கும் இருக்கும்போது அதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை.

சான்று, விலை, வரி

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. போன்ற பரிசோதனைக் கூடங்கள் கழற்றிய தனிக் கல்லுக்குத்தான் முழு வைரத் தரச்சான்று கொடுக்கின்றன. ஜி.ஐ.ஏ. சான்றில் வெட்டின் வகையைப் பழைய வெட்டு என்று எழுதுவார்கள், வெட்டுக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். அந்த மதிப்பெண் புதிய வட்ட வெட்டுக்கு மட்டும்தான். என் அபிப்பிராயம்: நடுக்கல் அரைக் காரட்டுக்குக் கீழே என்றாலோ மூடின பதிப்பு என்றாலோ சான்றுக்காகக் கழற்ற வேண்டாம். ஒரு காரட்டை ஒட்டி வருகிற கல், திறந்த பதிப்பு, நல்ல ஆசாரி கையில் இருக்கிறார் என்றால் யோசிக்கலாம்.

விற்கத்தான் வேண்டும் என்றால் ஒரே நகைக்கு இரண்டு விலை கேளுங்கள். ஒன்று தங்கம், கல் எடைக்கு; மற்றொன்று முழு நகையாக, பழைய நகை வாங்கி விற்கிறவர்களிடமோ ஏல நிறுவனங்களிடமோ. முதல் விலை தெரியாமல் இரண்டாவதைப் பேச முடியாது.

வரியையும் மறக்க வேண்டாம். வாரிசாக வந்த நகைக்கு வரும்போது வரி இல்லை, விற்கும்போது உண்டு. பழைய நகையைக் கொடுத்துப் புதிது எடுக்கிற எக்ஸ்சேஞ்சும் வரிக் கணக்கில் விற்பனைதான். 2001-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நகைக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆச்சி வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 2024 ஜூலை 23 முதல், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்பை எழுதி வாங்கிவிடுங்கள். நகை கையில் இருக்கும்போதுதான் அது நடக்கும், உருக்கியபின் எதை மதிப்பிடுவது?

பங்கு பிரிக்கும்போது

மூன்று பெண் மக்கள், ஒரு சங்கிலி என்றால், சங்கிலியை அறுத்து மூன்றாக்கி, கல்லைச் சீட்டுப் போட்டு எடுப்பது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்குப் பதில் முழு நகையாக ஒரு மதிப்பை எழுதி வாங்கி, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணமாகவோ வேறு நகையாகவோ ஈடு செய்யுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் கழன்று வருகிற பதக்கம் ஒருவருக்கு, சங்கிலி ஒருவருக்கு என்று பிரியலாம். அதுவரைக்கும் நகைக்குச் சேதாரம் இல்லை.

வைப்பதும் அணிவதும்

வைரம் வைரத்தையும் கீறும், மற்ற எல்லாவற்றையும் கீறும். மிருதுவான பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி, தனிப் பெட்டியில் வையுங்கள். எடுத்த படங்கள், எடை, பெரியவர்கள் சொன்னது, ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி பெட்டியோடும் ஒன்று வெளியிலும் இருக்கட்டும்.

லாக்கர் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கி கொடுக்க வேண்டியது லாக்கர் ஆண்டு வாடகையைப் போல அதிகபட்சம் நூறு மடங்கு. வங்கியின் தவறு இல்லாமல் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் சேதமானால் அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்த நாம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மதிப்பீட்டுச் சான்றை வைத்து நகைக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள். மூடின பதிப்பு நகை என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பையோடு வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குக் கொடுத்தனுப்ப எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள். நூறு வயது தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் நகை அந்த வயதை ஒட்டி வருகிறது என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கோ ஆனித் தேரோட்டத்துக்கோ அணிவதாக இருந்தால் தலைக்கு எண்ணெய், சென்ட், பவுடர் எல்லாம் முடித்துக் கடைசியாகப் போடுங்கள், வந்ததும் முதலில் கழற்றுங்கள். குற்றாலத்துக்குப் போகிற அன்று வேண்டவே வேண்டாம். அருவி விழுகிற வேகத்தில் தேய்ந்த கொக்கி நிற்காது, விழுந்த கல்லை அந்தப் பாறையிடுக்கில் யாரும் தேடி எடுக்கவும் முடியாது. போடுவதற்கு முன் திருகாணியை ஒருமுறை திருகிப் பார்த்து, கொக்கிக்கு மேலே பட்டு நூலால் ஒரு முடிச்சும் போட்டுக்கொள்ளுங்கள்.